அண்ணி அழுத்திய பெல்

அந்தப் பெல்லை வாங்கிக்கொண்டு வந்தவன் என் மகன். பெற்ற பிள்ளையைக் குறை சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். பாரிசவாதம் வந்து படுத்திருந்த அப்பாவைப் பார்க்க மெல்போர்னிலிருந்து லீவு போட்டு வந்தவன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்த நேரத்தைவிட அந்தப் பெல்லோடு மல்லுக்கட்டிய நேரம்தான் அதிகம். பாவம், அப்பாவை அந்தக் கோலத்தில் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை. கையில் ஒரு வேலை இருந்தால் குனிந்துகொண்டே இருக்கலாம் அல்லவா? அது எனக்கு அப்போது விளங்கவில்லை. "எப்பப் பாத்தாலும் என்னடா அந்தச் சனியனோட?" என்று எரிந்து விழுந்தேன்.

அம்பிட்டியவில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. கேட் கீழே, ரோட்டோரத்தில். நடுவில் மூச்சு வாங்க வைக்கும் படிகள். கேட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே கேட்காது. கட்டாக்காலி நாய்கள் ஏறி வருகின்றன என்று கேட்டை எப்போதும் உள்பக்கம் கொளுவி வைப்போம். அதனால் வீடு கட்டியபோதே என் வீட்டுக்காரர் கேட் தூணில் ஒரு சுவிட்சு வைத்து, அங்கிருந்து மேலே வயர் இழுத்து, முன்னறை ஹோல் சுவரில் ஒரு டிங் டாங் பெட்டியை மாட்டியிருந்தார். கீழே அழுத்தினால் மேலே மணி அடிக்கும். நான் இறங்கிப் போய்க் கேட்டைத் திறப்பேன்.

மகன் பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு, அதே வயரில் கேமரா பெல்லை மாட்டினான். அழுத்தினால் அதைச் சுற்றி நீல வெளிச்சம் எரியும். வந்தவர் முகம் ஃபோனில் தெரியும், இருந்த இடத்திலிருந்தே பேசலாம். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஹோலில் இருந்த பெட்டி அன்றைக்கே மணி அடிப்பதை விட்டுவிட்டு, ராப்பகலாக 'ங்ங்ங்' என்று முனகத் தொடங்கியது. பெட்டிக்கு நேர் கீழேதான் அவருடைய கட்டில். தூக்கம் கெடுகிறதென்று மகன் கதிரையைப் போட்டு ஏறி, பெட்டியைத் திறந்து எதையோ செய்தான். முனகல் நின்றது. மணியும் இல்லை.

"பெட்டி எதுக்கும்மா? ஃபோன்ல அடிக்கும்ல, அது போதும்" என்றான். மறுநாள் பிளேன் ஏறிப் போய்விட்டான்.

என் ஃபோன் எங்கே, நான் எங்கே! நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தால் அது அலுமாரிக்கு மேலே கிடக்கும். நான் துணி துவைத்தால் அது சார்ஜில் கிடக்கும். போதாக்குறைக்கு அவர் கண்ணயரும்போது எழுப்பிவிடக் கூடாதென்று சத்தத்தைக் குறைத்து வைப்பேன், பிறகு கூட்ட மறந்துவிடுவேன். ஆனால் மெல்போர்னில் மகனுடைய ஃபோன் ஒழுங்காக அடித்தது. மீன்காரர் அம்பிட்டியவில் பெல்லை அழுத்த, மகன் அங்கே வேலைத் தலத்திலிருந்து பதில் சொல்லுவான். மீன்காரர் பிறகு என்னிடம் சிரி சிரியென்று சிரித்தார். "எங்க இருக்கீங்க மஹத்தயான்னு கேட்டேன். மெல்போர்ன்ல இருக்கேங்கிறார். அப்ப மீன் யாருக்கு வெட்டட்டும்னு கேட்டேன்." கேட்டுக்கொண்டு நானும்தான் சிரித்தேன்.

மகனுக்கு ஒவ்வொரு முறையும் எடுத்துப் பேச நேரம் கிடைக்குமா? அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். பெல்லை அழுத்தி யாரும் பதில் சொல்லாவிட்டால், அவன் குரலில் பதிவு செய்து வைத்தது தானாகவே பேசும். 'வீட்ல ஆள் இருக்காங்க. இப்ப வர முடியாது. விஷயம் இருந்தா சொல்லிட்டுப் போங்க.' ஆள் இல்லை என்று தெரிந்தால் கள்ளன் வருவான் என்று 'ஆள் இருக்காங்க' என்பதை அழுத்திச் சொல்லியிருந்தான். கெட்டிக்காரப் பிள்ளை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் என் வீட்டுக்காரருக்கு எதற்கு? அவருக்கு வேண்டியது மணிச் சத்தம் ஒன்றுதான். வலது பக்கம் விழுந்துவிட்ட மனிதர், வாயும் ஒரு பக்கம் கோணியிருந்தது. எழுந்து எட்டிப் பார்க்க முடியாது. மணி அடித்தால்தான் வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அது நின்ற பிறகு பொழுது விடிந்தால் ஒரே கேள்விதான்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"பாண்காரன் வந்தான்ங்க."

"வேற?"

அவர் காத்திருந்தது ஒரே ஆளுக்காக. நாவலப்பிட்டியில் இருக்கும் அவருடைய அக்காவுக்காக. எனக்கு நாத்தனார் முறை, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாய் சிறுவயதிலேயே போய்விட, தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். ஆனால் எங்கள் மகன் கல்யாணத்தோடு அக்காளுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. கூடப்பிறந்தவர்களுக்குக் கல்யாணம் சொல்வதென்றால் புருஷனும் பெண்சாதியுமாக நேரில் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், கார்டு எல்லாம் வைத்து இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். நாங்கள் போகவிருந்த வாரம் அடைமழை. கம்பளைப் பக்கம் மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்தது. இவர் ஃபோனில் சொல்லிவிட்டு, கார்டைப் பிறகு தெரிந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். "ஊருக்கெல்லாம் தட்டு, எனக்கு மட்டும் டெலிபோனா?" என்று கேட்ட அண்ணி கல்யாணத்துக்கு வரவில்லை. "மழையக்கூட மன்னிக்க மாட்டாளா எங்கக்கா?" என்று இவரும் முறுக்கிக்கொண்டார். வீம்பில் அக்காளுக்குத் தம்பி இளைத்தவரில்லை. நடுவில் நான் பேசிப் பார்த்து இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

படுக்கையில் விழுந்த பிறகு அவருடைய முறுக்கு எல்லாம் போய்விட்டது.

"அவளுக்குத் தகவல் போயிருக்கும். அவளா வருவா" என்பார்.

"வந்தா நல்லதுதாங்க."

"வந்தாலும் நேரா உள்ள வரமாட்டா. வாசல்ல நிப்பா. நான்தான் வாங்கக்கான்னு சொல்லணும். நீ சொன்னா பத்தாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்களுக்குள் அந்த ஒரு சொல் அவ்வளவு பெரிய சொல். 'போனேன், வாங்கன்னுகூடச் சொல்லல' என்று சொல்லியே ஆயுசு முழுக்கப் பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். பகையோடு பிரிந்தவர்களுக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். அவருக்கு நாக்கு ஒழுங்காகப் புரளாது. கூரையைப் பார்த்துக்கொண்டு 'வாங்கக்கா, வாங்கக்கா' என்று மெதுவாகச் சொல்லிப் பழகுவார். முதலில் குழறலாக வந்தது, நாளாக நாளாகக் கொஞ்சம் தெளிந்தது. நான் குசினியில் கேட்டும் கேட்காதது மாதிரி அழுதுகொண்டு நிற்பேன்.

அதனால்தான் பெட்டியைச் சரிபண்ணியே தீர வேண்டும் என்று நின்றேன். மகனிடம் சொன்னால், "ஃபோனக் கையில வச்சுக்கிட்டா என்னம்மா?" என்பான். கடைசியில் அக்குறணையிலிருந்து கரண்ட் வேலை செய்யும் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டேன். முஸ்லிம் ஆள், வாய் ஓயாமல் பேசுவார். கேட்டுக்குப் போய் பெல்லைத் தட்டினார், மேலே வந்து பெட்டியைத் தட்டினார், மீட்டர் பக்கம் போய் அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டினார்.

"வயர் எல்லாம் சரியாத்தான் ஈக்கி அக்கா. இந்த ட்ரான்ஸ்போமர்தான் பழசு. சும்மா மணி அடிக்கிறதுக்கு வெச்சது. இப்ப கேமராவுக்கே கரண்டு பத்தாது, பெட்டிக்கு எங்கால போற? பெருசு ஒண்டு போடணும்."

"எப்பப் போடுவீங்க?"

"நாளைக்கே வாறேன்."

எந்த நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஃபோன் எடுத்தால், "பிலிமத்தலாவையில ஒரு கடை வேலையில மாட்டிக்கிட்டேன் அக்கா, அல்லா மேல ஆணையா நாளைக்கி" என்பார். அப்படியே நாட்கள் இழுத்துக்கொண்டு போயின.

அப்படியிருக்க ஒரு நாள் காலையில் நாவலப்பிட்டியிலிருந்து அண்ணியின் மகள் எனக்கு ஃபோன் எடுத்தாள். எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினாள்.

"ஒங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒன்னு இருக்கா? எங்கம்மா முடியாத காலோட ரெண்டு பஸ் மாறி வந்தாங்க. கேமராவுல பாத்துக்கிட்டே போகச் சொல்லிட்டீங்களே!"

"என்னாம்மா சொல்ற? எப்ப வந்தாங்க? யாரு போகச் சொன்னா?"

"நடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் திருப்பி ஃபோன் எடுத்தேன், அவள் பேசவில்லை. அண்ணிக்கு எடுத்தேன், அவரும் பேசவில்லை.

அந்தப் பெல் வந்தவர்களையெல்லாம் படம் பிடித்து வைக்கும் என்று மகன் காட்டிக் கொடுத்திருந்தான். தேடினேன். கிடைத்தது. முந்தின நாள் மத்தியானம். நான் பின்பக்கம் அவருடைய படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்த நேரம். ஃபோன் சார்ஜில், சத்தமில்லாமல். அவர் கண்ணயர்ந்திருந்தார். மகன் அங்கே ஏதோ கூட்டத்தில் இருந்திருக்கிறான்.

படத்தில் அண்ணி நிற்கிறார். கையில் ஒரு பை. வெயிலில் நடந்து வந்த முகத்தை முந்தானையால் துடைக்கிறார், தலையைத் தடவிச் சரிபண்ணிக்கொள்கிறார். பெல்லை அழுத்துகிறார். நீல வெளிச்சம் எரிந்ததும் அதற்குள் யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, கடவுளே, சிரிக்கிறார். அப்போது மகனுடைய குரல். 'வீட்ல ஆள் இருக்காங்க. இப்ப வர முடியாது. விஷயம் இருந்தா சொல்லிட்டுப் போங்க.' எந்த மருமகனுடைய கல்யாணத்தில் பகை வந்ததோ, அதே மருமகனுடைய குரல். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. பிறகு, "ஒன்னுமில்ல சாமி. சும்மாதான் வந்தேன்" என்கிறார். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விடுகிறார்.

பழைய சுவிட்சாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? டிங் டாங் அடித்திருக்கும், இவர் கேட்டிருப்பார், நான் ஓடியிருப்பேன். அதுகூட வேண்டாம், மணி அடிக்காமல் போயிருந்தாலும் வீட்டில் ஆள் இல்லை போல என்று நினைத்துக்கொண்டு இன்னொரு நாள் வந்திருப்பார். இது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுப் போ என்று சொல்லி அனுப்பியது. கல்லை எடுத்து அடித்து நொறுக்கலாமா என்று வந்தது எனக்கு.

அவரிடம் மறைக்கத்தான் நினைத்தேன். மத்தியானம் வரைக்கும்கூட முடியவில்லை. சொன்னேன். "காட்டு" என்றார். ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அக்கா கெழவியா போயிட்டாளே" என்றார். பிறகு, "மறுபடி போடு" என்றார். அன்று முழுக்க எத்தனை தடவை போட்டேனோ எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு வந்ததும், "நிறுத்து, நிறுத்து" என்பார். மகன் குரல் வருவதற்குள் நான் நிறுத்திவிட வேண்டும். ஒரு தடவை கை தவறிவிட்டது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகனுக்கு ஃபோன் எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். "ஒன் கொரலாலேயே அத்தைய வெரட்டிட்டியேடா" என்றேன். அவன் அங்கே சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதான். பிறகு அவனைத் தேற்றுவது என் வேலையாகிவிட்டது. அந்தப் பதிவை அன்றைக்கே அழித்துவிட்டான்.

"நான் தட்டு எடுத்துக்கிட்டு நாவலப்பிட்டிக்குப் போயிட்டு வரட்டுங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"போ. ஆனா மொதல்ல பெட்டியச் சரிபண்ணு. அவ இன்னொருக்கா வந்து வெளிய நிக்கக் கூடாது."

பாஸுக்கு ஃபோன் எடுத்து நான் பேசிய பேச்சில் அவர் அன்று பின்னேரமே பெரிய ட்ரான்ஸ்போமரோடு வந்து நின்றார். பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். கீழே போய் அழுத்தினார். நீல வெளிச்சம் பளிச்சென்று எரிந்தது, பெட்டி கம்மென்று இருந்தது. "அப்ப பெட்டிதான் பழுது" என்றார். கழற்றித் துடைத்து, உள்ளே இருந்த சின்னச் சுத்தியலை விரலால் தள்ளிப் பார்த்தார். அது துள்ளி அடித்தது, பழுதில்லை. "அப்ப வயர்தான்" என்றார். முதல் நாள் சரியாக இருந்த வயர் இப்போது எப்படிப் பழுதானதாம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகனை வீடியோவில் எடுத்துப் பெட்டிக்கு முன்னால் பிடித்தேன்.

"அந்த ரெண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவுல ஒரு சின்ன வயர் இருக்கு பாருங்க. முனகல் நிக்கிறதுக்கு நான் போட்டது. அது இருந்தா கரண்ட் பெட்டிக்குள்ள போகாம நேரா பெல்லுக்குப் போயிரும். அதக் கழட்டுங்க" என்றான் மகன்.

"இத மொதல்லயே செல்லியிருக்கலாமே தம்பி" என்றார் பாஸ்.

கழற்றினார். அப்போதும் அடிக்கவில்லை. மகன் தலையில் கைவைத்தான். அவனுடைய ஃபோனில் 'வீட்டு மணி அடிக்கட்டுமா' என்று ஒரு இடம் இருக்கிறதாம், அதையும் அன்றைக்கே அணைத்து வைத்திருக்கிறான். பெல் அவன் பெயரில் இருப்பதால் வேறு யாராலும் அதைத் திறக்க முடியாது. என் வீட்டு மணி என் வீட்டில் அடிப்பதற்கு மெல்போர்னிலிருந்து உத்தரவு வர வேண்டியிருந்தது. அவன் திறந்துவிட்டான். பாஸ் படியிறங்கிப் போய்க் கேட்டுக்கு வெளியே நின்று அழுத்தினார்.

டிங் டாங்.

"வாங்கக்கா!"

கட்டிலிலிருந்து அவர் கூப்பிட்ட சத்தத்தில் நான் திடுக்கிட்டுப் போனேன். படுக்கையில் விழுந்த பிறகு அவ்வளவு பலமாக அவர் பேசியதே இல்லை. நான் அவரிடம் சொல்ல வாய் எடுப்பதற்குள் பாஸ் கீழே மறுபடி அழுத்தினார். டிங் டாங். "வாங்கக்கா! வாங்க!" ஒரு கையை ஊன்றி எழும்பப் பார்க்கிறார். நான் ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, "போதும் பாஸ், போதும்" என்று கத்தினேன். அவருக்குக் கேட்குமா? இன்னும் ஒரு தடவை அழுத்தினார்.

மேலே வந்த பாஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கட்டில் பக்கத்தில் குனிந்து, "நாந்தான் மொதலாளி, சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்" என்றார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, "சத்தம் நல்லாருக்கு" என்றார்.

மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண்ணை அவருக்குத் துணையாக வைத்துவிட்டு, சில்வர் தட்டையும் வெற்றிலை பாக்கையும் பையில் கட்டிக்கொண்டு நாவலப்பிட்டிக்குப் பஸ் ஏறினேன். அண்ணி வாசலில்தான் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் இறுகியது, ஆனாலும் பெரிய மனுஷி, "வா" என்று சொல்லிவிட்டார். உள்ளே போய்த் தட்டை எடுத்துப் பழம், குங்குமம் எல்லாம் பரப்பி வைத்து இரண்டு கையாலும் நீட்டினேன். எந்தக் கல்யாணத்துக்கு என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது. பெல்லின் கதை முழுவதையும் சொன்னேன். மணி அடித்தபோது தம்பி கூப்பிட்டதையும் சொன்னேன்.

"நீலமா எரிஞ்சிச்சும்மா. தம்பிதான் பாக்குறான்னு நெனச்சிச் சிரிச்சேன்" என்றார். அப்புறம் அழுதோம். ஒருத்தி நிறுத்தினால் ஒருத்தி என்று அழுதோம்.

"இப்பவே வாங்கண்ணி, சேந்தே போயிரலாம்" என்றேன்.

எழுந்து போய்ச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "இத்தனை வருசம் கழிச்சி மொகம் பாக்கப் போறேன். நல்ல நாள் பாக்காமப் போனதாலதான் அன்னிக்கு அப்படி ஆச்சு. இன்னிக்குப் பொழுதும் சாஞ்சிரும். நாளைக்கு அஷ்டமி, மறுநா நவமி. தசமியன்னிக்குக் காலையில வந்துருவேன்னு சொல்லு."

அஷ்டமி நவமியில் எங்களில் யாரும் நல்ல காரியம் தொடங்குவதில்லை. நானும் தொடங்கியதில்லை. பகை தீர்வதைவிட நல்ல காரியம் எது? அதனால் சரியென்று தலையாட்டிவிட்டுத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அஷ்டமியையும் நவமியையும் யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் எங்கிருந்தாலும் என் வயிற்றெரிச்சல் அவர்களைச் சும்மா விடாது.

அந்த அஷ்டமி நாள் அவர் சந்தோஷமாக இருந்தார், அதை நான் மறுக்கமாட்டேன். முகம் வழிக்கச் சொன்னார். வெள்ளைச் சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைக்கச் சொன்னார். அக்காவுக்கு எந்தக் கதிரை போடுவது, தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டிப் போட்டாயா என்று அன்றே கேட்டார். மணி அடிக்கும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார். "பாண்காரன்ங்க" என்பேன். "தெரியும், தெரியும், தசமிக்கு இன்னும் இருக்கே" என்பார்.

நவமியன்று காலையில் முகம் கழுவிவிடப் போனபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. தூக்கத்திலேயே போயிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நான் அவரைத் திட்டினேன். ஆமாம், அழுவதற்கு முன்னால் திட்டினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டுக் கேட்டுத் திட்டினேன்.

உடலைப் பதப்படுத்தும் மலர்ச்சாலையிலிருந்து பின்னேரம் உடலைக் கொண்டுவந்து ஹோலில் வைத்தார்கள். கேட்டை அகலத் திறந்து கட்டிவிட்டார்கள், சாவு வீட்டில் யாரும் பெல்லை அழுத்துவதில்லை. ஆனால் கேமரா பார்த்துக்கொண்டே இருந்தது. மகன் மெல்போர்ன் விமான நிலையத்தில் உட்கார்ந்து, அப்பாவுக்காக வருகிறவர்களை ஒவ்வொருவராக ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தானாம். அத்தை வந்ததும் அவனுக்குத்தான் முதலில் தெரிந்தது. பேசுவதற்கான இடத்தில் விரலை வைத்தானாம். "என்னா சொல்றதுன்னு தெரியலம்மா" என்று பிறகு என்னிடம் சொன்னான்.

அண்ணி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். வாசற்படியில் வந்ததும் மகளின் தோளை விட்டுவிட்டு நின்றார். அங்கிருந்தே தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

சாவு வீட்டுக்கு வந்தவர்களை எங்களில் யாரும் வாங்க என்று சொல்லுவதில்லை. சொல்லக் கூடாது. வந்தவர்கள் தாமாக உள்ளே வருவார்கள். ஹோல் நிறைய ஆட்கள் இருந்தார்கள், எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணி நின்றுகொண்டே இருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. "வாங்கண்ணி" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருத்தி "ஐயோ, என்னா இது" என்று என் கையில் அடித்தாள்.

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானாகவே உள்ளே வந்தார்.